காலையில் சாப்பிட்டுப் பழக்கமில்லையா? முந்தின ராத்திரியிலிருந்து தொடங்குங்கள்

காலையில் சாப்பிட்டே பழகாத ஒருவரிடம் "நாளையிலிருந்து எட்டு மணிக்கு வயிறு நிறையச் சாப்பிடு" என்று சொன்னால் என்ன ஆகும்? முதல் நாள் கஷ்டப்பட்டுச் சாப்பிடுவார். அடுத்த நாள் குமட்டும். அதற்கடுத்த நாள் பழையபடி ஒரு காபியை மட்டும் விழுங்கிவிட்டுக் கிளம்பிவிடுவார். அவருக்கு மன உறுதி இல்லை என்று அர்த்தமில்லை. தொடங்கிய இடம்தான் தப்பு. ராத்திரி பதினொரு மணிக்குச் சாப்பிட்ட வயிறு காலை ஏழு மணிக்குப் பசிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

படிகளுக்குப் போகும் முன் இந்தப் பழக்கத்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைப் பேசிவிடலாம். காலை உணவைப் பற்றிய விளம்பரங்கள் ஏராளம். அவற்றை நம்பித் தொடங்குகிறவர்கள்தான் ஒரே மாதத்தில் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

கிடைப்பதும் கிடைக்காததும்

"பல விதங்களில் காலை உணவுதான் நாளின் மிக முக்கியமான உணவு" என்று 1917-ல் எழுதியவர் லென்னா கூப்பர் என்ற உணவியலாளர். அது வெளிவந்த சுகாதார இதழின் ஆசிரியர் ஜான் ஹார்வி கெல்லாக். கார்ன் ஃப்ளேக்ஸை உருவாக்கிய கெல்லாக் சகோதரர்களில் மூத்தவர். அதற்காக அந்தக் கருத்தே பொய் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் அது பிறந்த வீடு எது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

காலையில் சாப்பிட்டால் எடை குறையும் என்பதை முதலில் மறந்துவிடுங்கள். 2019-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 13 சோதனைகளைச் சேர்த்து அலசிய ஆய்வு ஒன்று வந்தது. காலையில் சாப்பிட்டவர்கள் சாப்பிடாதவர்களைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 260 கலோரி கூடுதலாக உள்ளே தள்ளியிருந்தார்கள்; எடையும் அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கூடித்தான் இருந்தது. வித்தியாசம் சிறியது, சோதனைகளும் குறுகிய காலத்தவை. ஆனாலும் 'காலையில் சாப்பிட்டால் இளைக்கலாம்' என்ற பேச்சுக்கு அங்கே ஆதரவு இல்லை. "காலையில் சாப்பிட்டால் வளர்சிதை மாற்றம் முடுக்கிவிடப்படும்" என்பதும் அப்படித்தான். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஆறு வாரம் நடத்திய சோதனையின் முடிவு 2014-ல் வந்தது. ஓய்வாக இருக்கும்போது உடல் எரிக்கும் கலோரியில் காலை உணவால் எந்த மாற்றமும் இல்லை.

அதே சோதனையில் வேறு இரண்டு விஷயங்கள் தெரிந்தன. எனக்கு அவைதான் முக்கியமாகப் படுகின்றன. காலையில் சாப்பிட்டவர்கள், யாரும் சொல்லாமலே, பகலில் கூடுதலாக நடமாடினார்கள். பிற்பகலிலும் மாலையிலும் அவர்களுடைய ரத்தச் சர்க்கரை ஏறி இறங்காமல் ஓரளவு சீராக இருந்தது. பகல் முழுவதும் சோர்ந்து நாற்காலியில் சரிந்து கிடப்பவருக்கு, எடை எந்திரத்தின் முள் நகர்வதைவிட இதுதான் பெரிய லாபம்.

இதயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் சுமார் 27,000 ஆண்களை 16 ஆண்டுகள் கவனித்து 2013-ல் வெளியிட்ட கணக்கின்படி, காலை உணவைத் தவிர்த்தவர்களுக்கு மாரடைப்பு, இதய நோய் மரண அபாயம் 27 சதவீதம் கூடுதல். பயமுறுத்தும் எண்தான். ஆனால் தவிர்த்தவர்களிடையே புகைபிடிப்பவர்கள் அதிகம், உடற்பயிற்சி குறைவு, குடியும் கூடுதல். ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள் என்றாலும், இத்தகைய ஆய்வு இரண்டுக்கும் தொடர்பு இருப்பதைச் சொல்லுமே தவிர, ஒன்றால்தான் மற்றது வந்தது என்று நிரூபிக்காது.

ராத்திரி உடம்புக்குள் நடப்பது

இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் பின்னால் வரும் படிகள் ஏன் என்பது விளங்கும். நம் கல்லீரல் ஏறத்தாழ 100 கிராம் குளுக்கோஸை கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைத்திருக்கிறது. மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்கு 120 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் வேண்டும். நாம் தூங்கினாலும் அதற்குத் தீனி போட்டே ஆக வேண்டும். தசைகளில் இதைவிடப் பெரிய சேமிப்பு உண்டு. ஆனால் தசை தன் இருப்பை ரத்தத்துக்குத் தராது. தானே வைத்துச் செலவழிக்கும். எனவே ராத்திரி முழுக்கக் கல்லீரலின் கையிருப்புதான் கரைகிறது. விடியும்போது அதில் கணிசமான பகுதி தீர்ந்திருக்கும்.

அப்படியானால் எழுந்தவுடனே அகோரப் பசி எடுக்க வேண்டுமே? பெரும்பாலோருக்கு எடுப்பதில்லை. காரணம், உடம்பின் கடிகாரம். கண் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் கார்டிசால் என்ற ஹார்மோன் உச்சத்துக்குப் போகிறது. கல்லீரலும் குளுக்கோஸை எடுத்து விடுகிறது. உணவு, தூக்கம், வெளிச்சம் எல்லாவற்றையும் கட்டுப்படுத்திச் செய்த சோதனையில், இந்தக் கடிகாரத்தின்படி பசி உணர்வு காலை எட்டு மணிவாக்கில் அடிமட்டத்திலும் இரவு எட்டு மணிவாக்கில் உச்சத்திலும் இருந்தது. ஆக, காலையில் பசிக்கவில்லை என்பது நோயுமல்ல, குறையுமல்ல. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டிச் சுரக்கும். பழக்கம் மாறினால் அதுவும் மாறும். நமக்குச் சாதகமான விஷயம் இதுதான்.

முதல் படி: ராத்திரிச் சாப்பாட்டை முன்னே இழுங்கள்

காலைத் தட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதல் ஒரு வாரம் இரவு உணவு முடியும் நேரத்தை மட்டும் பாருங்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பாவது கை கழுவிவிட வேண்டும் என்பது இலக்கு. இப்போது பத்தரை மணிக்குச் சாப்பிடுகிறவர் ஒரே நாளில் ஏழரைக்குத் தாவ வேண்டாம். நாலைந்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னே கொண்டுவந்தால் போதும். அதற்குள் ஒரு வாரம் போதாது என்றால் இரண்டு, மூன்று வாரம் ஆகட்டும்.

எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க நாலு மணி நேரத்துக்கு மேலும் எடுக்கலாம். அதோடு, ஒரே உணவை ஒரே அளவில் காலையில் சாப்பிடுவதற்கும் இரவில் சாப்பிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. இரவில் ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறும், இறங்கவும் நேரமாகும். தூக்கத்துக்கான மெலடோனின் சுரக்கத் தொடங்கிய பிறகு இன்சுலின் வேலை மந்தமாகிறது. ஆகவே ராத்திரி வயிற்றைக் குறைத்து அந்தச் சாப்பாட்டைக் காலைக்கு மாற்றுவதே ஒரு ஆதாயம். காலை உணவைச் சேர்த்துக்கொண்டு இரவு உணவையும் பழையபடி வைத்துக்கொள்வது வேறு. மேலே சொன்ன 260 கலோரி வருவது அந்த வழியாகத்தான்.

சாப்பாடு சீக்கிரம் முடிந்தாலும், பத்து மணிக்கு மேல் படம் பார்த்துக்கொண்டே கொறிப்பது தொடர்ந்தால் பயனில்லை. அதுவும் சாப்பாடுதான்.

இரண்டாம் படி: எழுந்ததும் தண்ணீர், காபி பிறகு

ராத்திரி முழுக்க மூச்சிலும் தோலிலும் நீர் போய்க்கொண்டே இருக்கிறது. எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். அதில் தேன் கலக்க வேண்டும், எலுமிச்சை பிழிய வேண்டும் என்றெல்லாம் கட்டாயம் எதுவும் இல்லை.

காபி, டீயை முழுதாக நிறுத்தச் சொல்லவில்லை. வெறும் வயிற்றில் பெரிய டம்ளர் சர்க்கரைக் காபி இறங்கினால் வருகிற கொஞ்சப் பசியும் மட்டுப்பட்டுவிடும்; அவ்வளவுதான். ரத்தசோகை உள்ளவர்கள் மட்டும் இன்னும் கறாராக இருக்க வேண்டும். டீயிலும் காபியிலும் இருக்கும் சேர்மங்கள் தானியம், பயறு, கீரை போன்றவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தடுக்கின்றன. உணவுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வைட்டமின் சி உள்ள பழம் ஒன்றை உணவோடு சேர்த்தால் இரும்பு நன்றாக உள்ளே போகும்.

மூன்றாம் படி: ஒரு பிடியில் தொடங்குங்கள்

இரவு உணவு ஓரளவு முன்னே வந்த பிறகு, காலையில் கையளவு ஏதாவது. பாதி வாழைப்பழமும் ஒரு பிடி வேர்க்கடலையும் போதும். ஒரு அவித்த முட்டை போதும். எழுந்தவுடனே சாப்பிட வேண்டும் என்பதில்லை. எழுந்து இரண்டு மணி நேரத்துக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினமும் ஏறக்குறைய அதே நேரம். அளவைவிட நேரம் தவறாமை முக்கியம், ஏனென்றால் கிரெலினுக்கு நாம் கற்றுக்கொடுப்பது நேரத்தைத்தான்.

குமட்டினால் அளவைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் அந்த நேரத்துக்கு வயிறு தானாகவே கேட்கத் தொடங்கும். அப்போது அளவைக் கூட்டலாம்.

நான்காம் படி: தட்டில் என்ன

பலர் சறுக்குவது இங்கேதான். வெள்ளை ரொட்டியில் ஜாம், இனிப்புத் தானியத்தில் பால், பெட்டிப் பழச்சாறு. இப்படிச் சாப்பிட்டுவிட்டு "காலையில் சாப்பிட்டும் பத்தரைக்கே பசிக்கிறது" என்கிறார்கள். பசிக்கத்தான் செய்யும். வேகமாக ஜீரணமாகும் மாவுச்சத்து சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அதற்கு ஈடாக இன்சுலின் பாயும். ஓரிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை தொடங்கிய இடத்துக்கும் கீழே இறங்கிவிடலாம்.

தட்டைப் புரதத்திலிருந்து கட்டுங்கள். பெரும்பாலோர் நாளின் புரதத்தில் பெரும்பங்கை இரவில் சாப்பிடுகிறார்கள், காலையில் மிகக் குறைவு. ராத்திரி முழுக்கத் தசைப் புரதம் கட்டப்படுவதைவிடக் கூடுதலாகக் கரைந்துகொண்டிருக்கும். காலையில் நல்ல அளவு புரதம் உள்ளே போனால்தான் தராசு மறுபக்கம் சாயும். வயிறு நெடுநேரம் நிறைந்த உணர்வோடு இருப்பதற்கும் புரதமே அதிகம் கைகொடுக்கிறது. 20 கிராம் என்பதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதற்குப் பெரிதாகத் தெரியும், கணக்குப் போட்டால் எளிது. ஒரு முட்டையில் 6 கிராம். 200 மில்லி பாலில் 6 கிராமுக்கு மேல். ஆக இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்தால் கிட்டத்தட்ட வேலை முடிந்தது. சைவம் என்றால், வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப் எடுத்தால் 14 கிராம் வரும்; கூட 150 கிராம் தயிர் சேர்த்தால் இன்னொரு 5 கிராம். ஒரு பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலையில் 7 கிராம். பால் பொருளே வேண்டாம் என்பவர்களுக்குப் பயறும் கடலையும் போதும்.

அடுத்தது நார்ச்சத்து. தீட்டாத தானியம், பயறு, தோலோடு சாப்பிடும் பழம், காய்கறி. நாளொன்றுக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையில் 7, 8 கிராமை முடித்துவிட்டால் மீதி நாள் சுலபம். தோலோடு ஒரு நடுத்தர ஆப்பிளில் 4 கிராம், 40 கிராம் ஓட்ஸில் இன்னொரு 4 கிராம். அதே ஆப்பிளைப் பிழிந்து வடிகட்டினால் நார் ஏறக்குறைய போய்விடும், சர்க்கரை முழுசாக இருக்கும். பழத்தை மெல்லுங்கள், குடிக்காதீர்கள்.

இதன் பலன் காலையோடு முடிவதில்லை. ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எந்த அளவுக்கு ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசீமிக் இன்டெக்ஸ் என்ற அளவுகோலை 1981-ல் அறிமுகப்படுத்திய டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் அடுத்த ஆண்டே இன்னொன்றையும் காட்டினார்கள். பயறு போல மெதுவாக ஜீரணமாகும் காலை உணவைச் சாப்பிட்டால், மதியம் சாப்பிடும் உணவுக்குப் பிறகும் ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறுகிறது. காலையில் சாப்பிட்டது மதியம் வரை வேலை செய்கிறது.

பாக்கெட் தானியம்தான் வசதி என்றால் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். அங்கே கோதுமைக் கதிரும் சூரியனும் சிரிக்கும். பின்பக்கம் திருப்பி, சத்துப் பட்டியலில் '100 கிராமுக்கு' என்ற வரிசைக்குப் போங்கள். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற வரிசை ஏமாற்றும், ஏனென்றால் அவர்கள் கணக்கில் ஒரு பரிமாறல் என்பது பெரும்பாலும் 30 கிராம்தான். ஒருமுறை சமையலறைத் தராசில் 30 கிராமை நிறுத்துக் கிண்ணத்தில் கொட்டிப் பாருங்கள், அடி மட்டும்தான் மறையும்; நாம் கொட்டுவது அதைப்போல இரண்டு மடங்கு. 100 கிராமில் சர்க்கரை 20 கிராம் என்றால் ஒரு கிண்ணம் 60 கிராமில் 12 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி. சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பாதிக் கணக்கு காலையிலேயே முடிந்துவிடுகிறது. பொருள் பட்டியலில் குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், பழச்சாறு செறிவு என்று எழுதியிருந்தாலும் எல்லாம் சர்க்கரையின் மாறுவேஷம்தான்.

ஐந்தாம் படி: முக்கால் வேலையை ராத்திரியே முடியுங்கள்

"நேரமில்லை" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. காலையில் யோசிக்க நேரமில்லை, அதுதான் உண்மை. எனவே யோசிக்கும் வேலையை ராத்திரிக்குத் தள்ளுங்கள். கடலையை ஊறவையுங்கள், முட்டையை அவித்து ஃபிரிட்ஜில் வையுங்கள், ஓட்ஸைத் தயிரிலோ பாலிலோ கலந்து மூடி வையுங்கள். வாரம் முழுக்க ஒரே இரண்டு வகையை மாற்றி மாற்றிச் சாப்பிட்டாலும் குற்றமில்லை. காலை உணவில் விருந்து தேடுபவர்கள்தான் சீக்கிரம் கைவிடுகிறார்கள்.

ஆறாம் படி: பதினொரு மணிக்குப் பாருங்கள்

இரண்டு வாரம் ஆனதும், வேலை நடுவே பதினொரு மணிக்கு உங்களையே கவனியுங்கள். கை பிஸ்கட் பாக்கெட்டைத் தேடுகிறதா? தலை கனக்கிறதா? சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வருகிறதா? வந்தால் காலைத் தட்டில் புரதமோ நாரோ குறைகிறது. அளவைக் கூட்டுவதற்கு முன் வகையை மாற்றுங்கள். மதியம் வரை உணவு நினைப்பே வரவில்லை என்றால் அளவு சரி. மதியமும் பசிக்கவில்லை என்றால் காலையில் கொஞ்சம் குறைக்கலாம்.

இன்னொரு அடையாளம், மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு. இரைப்பைக்குள் உணவு விழுந்ததும் பெருங்குடல் சுருங்கி, இருப்பதைக் கீழே தள்ளும். இந்த அனிச்சைச் செயல் காலையில் தான் வலுவாக இருக்கும். காலையில் எதுவும் சாப்பிடாதவர் அந்த உந்துதலை வீணாக்குகிறார். சாப்பிட்டு கால் மணி, அரை மணி நேரத்துக்குள் கழிப்பறைக்குப் போக அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் அடக்கிக்கொண்டு கிளம்பினால் இந்தப் பலன் கிடைக்காது.

சிலருக்கு மட்டும்

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தவிர்ப்பது ஆபத்து. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். இவர்கள் சாப்பிடும் நேரத்தை மாற்றுவதானால் மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் 2015-ல் செய்த ஒரு சிறிய சோதனையில், காலை உணவைத் தவிர்த்த நாளில் மதியமும் இரவும் சாப்பிட்ட பிறகு சர்க்கரை கூடுதலாக ஏறியது. காலை உணவால் மற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் லாபம் அதிகம்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு நேர்மாறான சிக்கல். லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே சாப்பிட வேண்டும். காபியும் அதற்குப் பிறகுதான். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். எழுந்ததும் மாத்திரை, பிறகு குளியல், பிறகு உணவு என்று வரிசை வைத்தால் காத்திருப்பதே தெரியாது.

கர்ப்பிணிகளுக்குக் காலைக் குமட்டல் இருந்தால் படுக்கையை விட்டு எழும் முன்பே உலர்ந்த, உப்புச் சுவையுள்ள ஏதாவது இரண்டு வாய். வயதானவர்களுக்குத் தசை கரைவது வேகம். அவர்கள் விஷயத்தில் புரதக் கணக்கைத் தளர்த்தாதீர்கள். குழந்தைகளின் மூளை உடல் எடைக்கு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகக் குளுக்கோஸைச் செலவழிக்கிறது. வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் வாயில் திணிக்க வேண்டாம், பெரியவர்களுக்குச் சொன்ன அதே 'ஒரு பிடி' முறைதான்.

மதியம் வரை சாப்பிடாமல் இருந்தே நன்றாக இருக்கிறவர்களும் உண்டு. பகலில் சோர்வில்லை, ராத்திரி சீக்கிரம் முடிக்கிறார்கள், சாப்பிடும் நேரத்தில் சத்தாகச் சாப்பிடுகிறார்கள் என்றால் அவர்களைப் பிடித்து மாற்ற வேண்டிய அவசரம் எனக்குத் தெரியவில்லை. காலையில் பட்டினி, ராத்திரி பத்து மணிக்கு மலைபோலச் சாப்பாடு என்பவர்களின் கதை வேறு.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டிய நாளில், ஆய்வகம் சொன்ன 8 அல்லது 12 மணி நேரம் தண்ணீர் மட்டும்தான். சர்க்கரை போடாத காபியும் கூடாது. டப்பாவில் காலை உணவைக் கையோடு எடுத்துப் போய், ஊசி குத்தி முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள்.